வெங்காயக் கண்ணீருக்கு நீ எழுதின சாட்சி

யாக்கோபு,

பேருக்கு முன்னால அன்புள்ளன்னு போடறது வழக்கம். இன்னைக்கு அது எனக்கு வரல, வராததை எழுதறதுக்கு நான் உன்ற பத்திரிகை ஆளு இல்ல. உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு போன வாரம் செவ்வாக்கிழமை வந்து சேர்ந்துச்சு. மேலாக ஒரு கார்டுல "நசீமாம்மாவுக்கு, நீங்களே நேர்ல போய்க் குடுங்க அம்மா"ன்னு உன் கையெழுத்துல எழுதியிருந்தே. அந்தக் கார்டு இன்னும் இந்த ஊட்டுலதான் கிடக்குது. ஏன் கிடக்குதுன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை நான் உனக்கு மட்டும் எழுதல. ஒரு பிரதி மெட்ராஸ்ல நீ வேலை செய்யற ஊழியச் சங்கத்துப் பத்திரிகைக்குப் போகுது, இன்னொண்ணு நீ கட்டிக்கப் போற சுகந்திக்குப் போகுது. அவளும் தெரிஞ்சுக்கட்டும். நாலு பேரு படிக்கற இடத்துல நீ பேசினே, நானும் நாலு பேரு படிக்கற மாதிரியே பேசறேன்.

போன மாசப் பத்திரிகையில "சாட்சி"ங்கற பக்கத்துல நீ எழுதினதை முதல்ல சொல்லிப்போடறேன், படிக்காதவங்களும் இருப்பாங்க. கோவையில கோட்டைமேட்டுல பொம்பளைப் பிள்ளைகளுக்கு அரபி சொல்லித்தர்ற ஒரு இஸ்லாமியச் சகோதரி, சிறு வயசுல இருந்து உன்னை மகனாகப் பாவிச்சவங்க, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நீ போனப்போ கண்ணீரோட "நான் ஈசாவை நம்புகிறேன்"னு, இயேசுவை அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, உன் கிட்ட அறிக்கை பண்ணினாங்கன்னும், வெளியில சொல்ல முடியாத நிலைமையில இருக்கற அந்த ஆத்துமாவுக்காக எல்லாரும் ஜெபிக்கணும்னும் எழுதியிருந்தே. பேரை மட்டும் மாத்தி "சகோதரி ந." ன்னு போட்டிருந்தே. கோட்டைமேட்டுல பொம்பளைப் பிள்ளைகளுக்கு அரபி சொல்லித்தர்றவ, கிறிஸ்தவக் குடும்பத்தோட பழகறவ, பேரு 'ந'ங்கற எழுத்துல ஆரம்பிக்கறவ எத்தனை பேரு இருக்காங்கன்னு நீ நினைச்சே?

அன்னைக்கு நானும் அந்தச் சமையக்கட்டுலதான் இருந்தேன். அதை நீ எழுதல. நீ வர்றேன்னு தெரிஞ்சு அவ காலையில இருந்து பிரியாணிக்கு ஏற்பாடு பண்ணிட்டிருந்தா. நானும் அவளும் கீழ உக்காந்து ஒரு முறம் சின்ன வெங்காயம் உரிச்சுட்டிருந்தோம். நீ வாசக்கால்ல சாஞ்சு நின்னு, "நசீமாம்மா, நீங்க ஈசாவை நம்பறீங்களா?"ன்னு கேட்டே. அவ முழங்கையால கண்ணைத் துடைச்சுட்டு, "நல்லாக் கேட்டீங்க போங்க கண்ணு. ஈசா நபி மேல ஈமான் இல்லாதவ முஸ்லிமாவே இருக்க முடியாதுங்களே. நம்பாமயா இருப்பேன்?"ன்னு சிரிச்சா. அவ்வளவுதான் நடந்தது. வெங்காயம் உரிக்கறவ கண்ணுல தண்ணிதான் வரும். என் கண்ணுலயும்தான் வந்துச்சு, என்னை ஏன் உன் பத்திரிகையில ரட்சிக்காம விட்டுட்டேன்னு தெரியல. அவ போட்ட பிரியாணியை ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னுபோட்டு, மெட்ராஸுக்கு ரயில் ஏறி, நாலு வார்த்தையில முன்னும் பின்னும் வெட்டி எறிஞ்சுட்டு நடுவுல இருந்ததை மட்டும் எடுத்து அச்சுல ஏத்திட்டே.

வேற யாராவது இதைச் செஞ்சிருந்தா விவரம் பத்தாதவன்னு விட்டுருவேன். நம்ம சபையில பாதிப் பேருக்கு முஸ்லிம்கள் ஈசாவை இறைத்தூதராக மதிக்கறாங்கங்கறதே தெரியாது. "நம்பறேன்"னு ஒருத்தர் சொன்னா, ஞானஸ்நானத் தொட்டி எங்கேன்னு தேடப் போயிருவாங்க. ஆனா நீ எந்த ஊட்டுல வளர்ந்தவன்? உனக்கு நாலு வயசு இருக்கறப்போ உங்கப்பாவையும் என்னையும் மிஷன்ல இந்த ஊருக்கு அனுப்பினாங்க. இஸ்லாத்தையும் கிறிஸ்தவத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கறதுக்கு ஒரு நிலையம் தொடங்கணும்னு சொன்னாங்க. பீளமேட்டுல ஒரு பழைய மில்லுக்குப் பின்னால மாடியில ரெண்டு ரூமு. கீழ ஊட்டுக்காரரு மோட்டார் ரிப்பேர் பண்ணுவாரு, மேல நாங்க ரெண்டு வேதத்தையும் விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருப்போம். உங்கப்பா பெருந்துறைக்காரரு, தறிக்கார வம்சம், நான் சூலூரு. எங்க ரெண்டு பேருக்குமே அரபி எழுத்து வலது பக்கத்துல இருந்து ஆரம்பிக்குங்கறதைத் தவிர ஒண்ணும் தெரியாது.

அப்பத்தான் நசீமா வந்தா. கோட்டைமேட்டுல பூட்டுக்கடை வெச்சிருந்த காதர் அண்ணனோட சம்சாரம். எனக்கு அரபி வேணும், அவளுக்கு மர்யமைப் பத்தி, நம்ம மரியாளைத்தான் அவங்க அப்படிச் சொல்றாங்க, நாங்க என்ன சொல்றோம்னு தெரியணும். அதுதான் பேச்சு. வாரத்துல ரெண்டு மத்தியானம் நான் அங்க போவேன், இல்லீன்னா அவ இங்க வருவா. மர்யம் பிள்ளை பெத்த கதையை ரெண்டு வேதத்துலயும் வரி வரியாகப் படிச்சோம். ஒரு நாள் அவ புத்தகத்தை மூடி வெச்சுட்டுச் சொன்னா, "உங்க கதையில மர்யமுக்குத் துணைக்கு ஒரு ஆம்பளை இருக்காருங்கக்கா. எங்க கதையில பாவம், பேரீச்ச மரத்தைப் புடிச்சுட்டு ஒத்தையில வலி எடுத்துக் கிடக்கறா. எனக்கு எங்க மர்யம்தான் கூடுதலாப் புடிக்குது. நான் பெத்தப்பவும் ஊட்டுல யாரும் இல்லீங்க." அதைத்தான் உங்கப்பா ஒரு கட்டுரையாக எழுதினாரு. பெங்களூர்ல பெரிய பெரிய பேராசிரியருங்க முன்னால வாசிச்சாரு. அச்சுல வந்தப்போ தன் பேரு, என் பேரு, நசீமா பேரு மூணையும் போட்டாரு. போடறதுக்கு முன்னால கோட்டைமேட்டுக்குப் போயி, எழுதின ஒவ்வொரு வரியையும் அவளுக்கும் காதர் அண்ணனுக்கும் படிச்சுக் காட்டிட்டுத்தான் போட்டாரு. அவ வேண்டாம்னு சொன்ன ஒரு பத்தியை எடுத்துட்டாரு. அந்தப் பத்திதான் கட்டுரையிலேயே நல்ல பத்தி. எனக்கு அன்னைக்கு அவர் மேல எரிச்சல்.

கேக் விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கும். நாங்க வந்த முதல் கிறிஸ்துமஸ். உங்கப்பா கேக் டப்பாவைத் தூக்கிட்டு முன்னால, நான் உன் கையைப் பிடிச்சுட்டுப் பின்னால, காதர் அண்ணன் ஊட்டு வாசல் வரைக்கும் போயிட்டோம். கதவு திறந்தப்பத்தான் எனக்கு உறைச்சுது, திராட்சையை ஒயின்ல ஊற வெச்சது நான்தானே. கேக்குக்கு அப்படித்தான் ஊற வெப்பாங்கன்னு கை பாட்டுக்குச் செஞ்சுபோட்டுது. உங்கப்பா முகத்தைப் பார்த்தேன், அவருக்கும் அதே சமயம் உறைச்சிருக்குது. பேசாமக் குடுத்துட்டு வந்திருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவரு டப்பாவை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டு, "ஏனுங்க, இதுல ஒயின் கலந்திருக்குதுங்க, தெரியாமக் கொண்டாந்துட்டோமுங்க"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரிச் சொல்லிட்டாரு. எனக்கு மானம் போச்சு. காதர் அண்ணன் சிரிச்சு சிரிச்சு அப்படியே படியில உக்காந்துட்டாரு. "சொல்லாமக் குடுத்திருந்தா அந்தப் பாவம் உங்க தலையிலங்க சாரு. சொல்லிட்டீங்க, உள்ள வாங்க, டீ குடிக்கலாம்"னாரு. அடுத்த வருஷத்துல இருந்து அவங்களுக்குத் தனியாக ஒண்ணு, ஒயின் இல்லாம. அடுத்தவங்க தட்டுல அவங்களுக்குத் தெரியாம எதையும் வெக்கக் கூடாது, இதுதான் எங்க படிப்பு. வேற பெரிசா ஒண்ணும் நாங்க கண்டுபிடிக்கல.

இன்னொண்ணும் நீ மறந்திருக்க மாட்டே. நம்ம நிலையத்தோட சொல்லகராதி. ரெண்டு பக்கத்துக்காரங்களும் பேசற ஒரே தமிழ் வார்த்தை, ஆனா ரெண்டு அர்த்தம். தூதர், வேதம், ஜெபம், மன்னிப்பு, அப்படி ஒவ்வொண்ணாக எடுத்து உங்கப்பாவும் நானும் நசீமாவும் பிரிச்சுப் பிரிச்சு எழுதினோம். நீ பி.எஸ்.ஸி. படிக்கறப்போ லீவுல உக்காந்து அதையெல்லாம் அழகாகப் பிரதி எடுத்தே, கையெழுத்து நல்லா இருக்குதுன்னு. "நம்பு"ங்கற வார்த்தையை எழுதினது நீதான். கிறிஸ்தவங்க நம்பறேன்னா அடைக்கலமாக ஏத்துக்கறேன்னு அர்த்தம், முஸ்லிம்கள் ஈசாவை நம்பறேன்னா இறைவன் அனுப்பின தூதர்னு மதிக்கறேன்னு அர்த்தம், இதை ஒண்ணோட ஒண்ணு குழப்பிக்கிட்டா பெரிய கெடுதல் வரும்னு உன் கையாலதான் எழுதினே. கெடுதல்ங்கற வார்த்தை பலமாக இருக்குது, தவறுன்னு போடலாமான்னு நீ கேட்டே. கெடுதல்னே இருக்கட்டும்னு நசீமா சொன்னா. அதனால எனக்குத் தெரியும், நீ குழப்பிக்கல. தெரிஞ்சுதான் எழுதினே.

ஏன் எழுதினேன்னும் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் மிஷன் கமிட்டி கூடறப்போ உங்கப்பாவைப் பார்த்து ஒரே கேள்வி. "இந்த வருஷம் எத்தனை ஆத்துமாங்க?" உங்கப்பா, "இன்னும் என் ஆத்துமாவே தேறலீங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துருவாரு. அவங்க சிரிப்பாங்க. சிரிச்சுட்டு, படிப்பெல்லாம் ஒரு ஊழியமான்னு பின்னால பேசுவாங்க. மத்த மிஷனரிங்க பிள்ளைங்க விடுதியில உன்னைக் கேலி பண்ணினாங்க, உங்கப்பா ஒருத்தரையும் கொண்டு வரலையாமேன்னு. நீ அழுதுட்டு வந்து, "நம்ம என்னதான்மா பண்றோம்?"னு கேட்டது எனக்கு இன்னும் காதுல இருக்குது. அந்த வெசனம் உன் மனசுல பெருசாகி, உங்கப்பா கணக்குல ஒண்ணாவது காட்டணும்னு உனக்குத் தோணியிருக்கும். புரியுது. காரணம் புரிஞ்சதும் கோபம் போயிரணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. எனக்குப் போகல. கூடத்தான் செஞ்சுது. உங்கப்பா தோத்துட்டாருன்னு அத்தனை வருஷமும் நீ நினைச்சிருக்கறே, அதை நான் இப்பத்தான் தெரிஞ்சுக்கறேன்.

பத்திரிகை வந்த வாரம் எஸ்.டி.டி. பூத்துல நின்னு உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னே? "பேரை மாத்திட்டேனே அம்மா." அடுத்து, "ஒரு வகையில அது உண்மைதானே." அதுக்கப்புறம், "சங்கத்துல எல்லாரும் ரொம்ப உற்சாகமா இருக்காங்க, இப்பப் போயி மாத்த முடியாது." பேரை மாத்தினவன் பொய்யை மாத்தாம விட்டுட்டே. உங்கப்பா பேரைப் போட்டாரு, சம்மதம் கேட்டுட்டுப் போட்டாரு. நீ சம்மதமும் கேக்கல, உண்மையும் சொல்லல, பேரை மட்டும் மறைச்சுட்டு அதை அன்புன்னு சொல்றே. யாக்கோபுன்னா எத்தன்னு அர்த்தம், பிள்ளைக்கு வேற பேரு வெக்கலாம்னு அன்னைக்கே உங்கப்பா கிட்டச் சொன்னேன். ரெண்டு வேதத்துலயும் இருக்கற பேருன்னு அவருக்கு ஒரே பிடிவாதம். நசீமாவும் யாகூப் யாகூப்னு கொஞ்சிட்டுக் கிடந்தா.

இப்போ என்ன நடந்துச்சுன்னு கேளு. உன் பத்திரிகை மெட்ராஸோட நிக்கல. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை செய்யற ஒருத்தர் கையில கிடைச்சு, அவரு அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அது கை மாறிக் கை மாறிப் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குப் போயிருச்சு. கலவரத்துக்கு அப்புறம் ஊரு இருக்கற இருப்பு உனக்குத் தெரியாதா? தெரு முனையில போலீஸ்காரங்க கூடாரம் போட்டு உக்காந்திருக்காங்க. பொழுது சாஞ்சா கடைக்காரங்க ஷட்டரை இறக்கிட்டு ஊட்டுக்குப் போயிடறாங்க. யாரு யாரைப் பத்தி என்ன சொன்னாலும் நம்பறதுக்கு ஜனங்க தயாரா இருக்காங்க. இந்தச் சமயத்துல நீ அந்தப் பொம்பளையோட ஊட்டு வாசல்ல கொண்டு போயி அதைப் போட்டிருக்கறே.

ஜமாஅத்துப் பெரியவங்க ரெண்டு பேரு வந்தாங்க. மரியாதையாகத்தான் பேசினாங்களாம், அதையும் சொல்லிப்போடணும். "எங்களுக்குத் தெரியும் தாயி, நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டே. ஆனா பிள்ளைங்களை அனுப்பற தாய்மாருங்க கேக்கறாங்க, அவங்களுக்கு ஒரு பதில் வேணும்"னாங்களாம். அந்தத் தாய்மாருங்களை வரச் சொல்லி, அவங்க முன்னால நசீமாவைக் கலிமா சொல்லச் சொன்னாங்க. இறைவன் ஒருவனேன்னும் நபி அவனோட தூதர்னும் சாட்சி கூறுகிறேன்னு. அங்க உக்காந்திருந்த தாய்மாருங்கள்ல பாதிப் பேருக்கு அந்தக் கலிமாவைச் சின்ன வயசுல நாக்குத் திருத்திச் சொல்லிக் குடுத்தவளே நசீமாதான். புதுசா மார்க்கத்துக்கு வந்தவ மாதிரி அவங்க முன்னால நின்னு அவ சாட்சி சொல்ல வேண்டியதாப் போச்சு. உன் பத்திரிகையில அந்தப் பக்கத்துக்கு என்ன பேரு? சாட்சி. அதே வார்த்தை. ஞாயித்துக்கிழமைப் பள்ளியில பத்துக் கட்டளையையும் ஒப்பிச்சுச் சோப்பு டப்பா பரிசு வாங்கினவன் நீ, ஒன்பதாவது பொய்ச்சாட்சி சொல்லாதேங்கறதுன்னு உனக்கே தெரியும்.

சாட்சி சொல்லியும் பிள்ளைங்க வரல. அவ வகுப்புல இப்போ அவ சொந்தத்துப் பிள்ளைங்க மட்டும்தான். மத்தவங்க, பரீட்சை இருக்குது, காய்ச்சலா இருக்குதுன்னு ஏதாவது சொல்லி நிறுத்திட்டாங்க. இதையெல்லாம் காதர் அண்ணன் கடையில இருந்து போன் பண்ணி அவதான் சொன்னா. ஒரு வார்த்தை உன்னைத் திட்டல. நான்தான் திட்டினேன், அவ கேட்டுட்டிருந்தா. கடைசியில சொன்னா, "அக்கா, நான் ஒண்ணு சொல்லுவேன், மனசுல வெச்சுக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க ஊட்டுப் பக்கம் வராதீங்க. நீங்க வந்தா அதையும் ஒரு பேச்சாப் பேசுவாங்க. இவரு கடையிலயும் வாங்கறதுக்கு ஆள் நிக்க மாட்டேங்குது." எவ்வளவு நாளைக்குன்னு நான் கேக்கல. கேட்டா அவ பதில் சொல்ல வேண்டியதாயிரும். உனக்கு நாலு வயசுல தொடங்கின பழக்கம், ஒரு சண்டை சச்சரவு இல்லாம வந்த பழக்கம், ஒரு போன்ல நின்னு போச்சு. உன் கல்யாணக் கார்டை எப்படிக் கொண்டு போயிக் குடுப்பேன்? அவ வாசப்படி ஏற எனக்கு வழி இல்லாமப் பண்ணிட்டு, அந்த வாசலுக்கே என்னைத் தாட்டி விடறே.

கமிட்டிக்காரங்களுக்கு உன் பத்திரிகை படிச்சு ஒரே சந்தோஷம். ஆராதனை முடிஞ்சு வெளியில வர்றப்போ அந்தச் செயலாளர் உங்கப்பா கையைப் பிடிச்சுக் குலுக்கி, "கடைசியில ஒண்ணு வந்துருச்சுங்களே, கேக்கவே சந்தோஷமுங்க"ன்னாரு. உங்கப்பா கையை எடுத்துக்கிட்டு, "வரலீங்க, இருந்ததும் போயிருச்சுங்க"ன்னு சொல்லிட்டு நடந்துட்டாரு. அந்தாளுக்கு அது புரியல. புரியாத வரைக்கும் அவரு கமிட்டியில இருப்பாரு.

உங்கப்பாவைப் பத்தியும் சொல்லணும். முதல் நாள் நான் கத்தினப்போ, "விடு அம்மணி, பையன்தானே, தெரியாமச் செஞ்சுட்டான்"னாரு. எனக்கு அவர் மேலயும் வந்துச்சு பாரு ஒரு கோபம். அன்னைக்கு ராத்திரிச் சோறு ஆக்கல, ரெண்டு பேரும் பிரட்டுத் தின்னுட்டுப் படுத்தோம். ஒரு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை மத்தியானம் சட்டையை மாட்டிட்டுக் கிளம்பினாரு, எங்கேன்னு சொல்லல. சாயங்காலமா வந்து, காபி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. காதர் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொழுகை முடிஞ்சு ஆளுங்க வெளியில வர்றப்போ ஜமாஅத்து ஆபீஸ் வாசல்ல நின்னுட்டு, "என்ற பையன் எழுதினது பொய்யிங்க. அந்தம்மா அப்படி ஒரு வார்த்தை சொல்லலீங்க. நான் அவனோட அப்பனுங்க, நான் சொல்றேனுங்க"ன்னு சொன்னாராம். வாய் அதிர்ந்து பேசாத மனுஷன். சொந்தப் பிள்ளையைப் பொய்யன்னு, முன்ன பின்ன தெரியாத அத்தனை பேருக்கும் நடுவுல நின்னு சொல்லியிருக்காரு. ஒருத்தர் அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாராம். உக்கார மாட்டேன்னுட்டாராம்.

அதுவும் எடுபடல. "அப்பன்காரரு மகனைக் காப்பாத்தறதுக்கு மழுப்பறாரு, அந்தம்மாவுக்கு ஆபத்து வந்துரும்னு மறைக்கறாங்க"ன்னு ஒரு பேச்சு கிளம்பியிருச்சு. ரகசியமாக நம்பறான்னு நீ எழுதி வெச்சிருக்கறே பாரு, அதுல இருக்கற விஷமே அதுதான். அவ இல்லைன்னு சொன்னாலும், பயந்துட்டு இல்லைங்கறான்னு சொல்லுவாங்க. நாங்க இல்லைன்னாலும் அதையேதான் சொல்லுவாங்க. எழுதினவன் வந்து, நான் எழுதினது பொய்யின்னு தன் வாயால சொன்னாத்தான் அது தீரும். வேற வழி இல்ல, நானும் உங்கப்பாவும் எல்லா வழியும் யோசிச்சுப் பார்த்துட்டோம்.

அதனால நீ வரணும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால வந்து சேரு. உங்கப்பா நின்ன அதே இடத்துல நில்லு. "தவறாகப் புரிந்துகொண்டேன்", "மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்", இந்த மாதிரி ஆபீஸ் பாஷை எல்லாம் வேண்டாம். நான் கேட்டேன், அவங்க இப்படிச் சொன்னாங்க, நான் அதை வெட்டி எழுதினேன், அது பொய். அவ்வளவுதான் வார்த்தை. அடுத்து அதே பத்திரிகையில, அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல போடு. போட மாட்டாங்கன்னா, இந்தக் கடிதத்தையாவது போடட்டும்னுதான் ஒரு பிரதி அனுப்பறேன். உன் வேலை போகலாம். போகட்டும். நசீமாவோட வேலை போயிருச்சு, அவ எந்தத் தப்பும் பண்ணல. கல்யாணம் பண்ணிக்கப் போறவனுக்கு ஒரு புத்தி சொல்லச் சொன்னா இதைத்தான் சொல்லுவேன்: உன்னை நம்பி அடுப்பங்கரையில வெச்சுப் பேசறவங்க பேச்சை வெளியில கொண்டு போயி உனக்குத் தோதா மாத்தாதே. நாளைக்கு சுகந்தி பேசறதையும் நீ இப்படி வெட்டுவே. அதனாலதான் அவளுக்கும் இதை அனுப்பறேன். அவ என் மேல கோபப்பட்டாலும் பரவாயில்ல.

நீ வரலைன்னா நான் என்ன பண்ணப் போறேன்னும் சொல்லிடறேன், அப்புறம் சொல்லலைன்னு வேண்டாம். நம்ம சபையில கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு ரெண்டையும் படிச்சுட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தா இப்பவே தெரிவிக்கலாம்னு போதகர் சொல்லுவாரு. சொல்லிட்டுச் சித்த நேரம் நிறுத்துவாரு. உனக்கு முதல் ஓலையும் ரெண்டாவது ஓலையும் வாசிச்சாச்சு. ரெண்டு தடவையும் நான் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன், பக்கத்துல இருக்கறவங்க வாழ்த்துச் சொன்னாங்க. மூணாவது ஓலை வர்ற ஞாயித்துக்கிழமை. நான் இந்தச் சபைக்கு வந்த நாள்ல இருந்து அந்த நேரத்துல ஒருத்தரும் வாயைத் திறந்து பார்த்ததில்ல.

நான் எந்திரிப்பேன். மாப்பிள்ளை பொய்ச்சாட்சி சொல்லியிருக்கறான், இன்னும் திருத்தலைன்னு சொல்லுவேன். அது சட்டத்துல சொல்ற தடை இல்லைங்கம்மா, உக்காருங்கன்னு போதகர் சொல்லுவாரு. எனக்கும் தெரியும். கல்யாணம் நிக்காது, நிக்கவும் வேண்டாம். ஆனா சபை கேட்டிருக்கும், கமிட்டி கேட்டிருக்கும், அது அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கோட்டைமேட்டுக்கும் போயிருக்கும். பெத்தவளே எந்திரிச்சுச் சொன்னான்னா, மகனுக்காக மழுப்பறான்னு அங்க ஒருத்தரும் சொல்ல முடியாது. இதை நேத்து உங்கப்பா கிட்டச் சொன்னேன். தடுப்பாருன்னுதான் நினைச்சேன். அவரு, "நீ பொம்பளைங்க பக்கம் எந்திரிச்சதும் நான் ஆம்பளைங்க பக்கம் எந்திரிச்சுக்கறேன்"னாரு.

அம்மா